காட்டைத் தேய்த்துக் கழுவினார்களா போலீஸார்?

கேள்வி இதுதான்: "காணாமல்போன ஒரு சிறுவனைத் தேடி போலீஸார் காட்டை 'ஸ்கவர்' செய்தார்கள் என்று ஓர் ஆங்கிலச் செய்தியில் படித்தேன். என் மகளின் பாடப்புத்தகத்திலோ ஸ்கவர் என்றால் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுவது என்று இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்தானா? பழைய காலத்தில் இதற்கு வேறு அர்த்தங்களும் இருந்தனவா?"

எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. ஆனால் சொல் இரண்டு. நல்ல ஆங்கில அகராதி எதைப் புரட்டினாலும் ஸ்கவர் என்ற வினைச்சொல் இரண்டு தடவை தனித்தனியாகத் தலைப்பிட்டு நிற்கும். ஒன்று தேய்ப்பது, மற்றது ஓடுவது. ஒரே தெருவில் இரண்டு முருகேசன்கள் குடியிருந்தால் தபால்காரர் கடிதத்தை மாற்றி மாற்றிப் போடுவார் இல்லையா, அந்த மாதிரி பல நூற்றாண்டுகளாக இந்த இரண்டின் அர்த்தங்களும் வீடு மாறி மாறி விழுந்திருக்கின்றன.

தேய்க்கிற ஸ்கவர் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தது. டச்சுக்காரர்களிடம் 'ஸ்கூரன்', பழைய பிரெஞ்சில் 'எஸ்குரே', ஜெர்மனில் இன்றும் 'ஷாயர்ன்'. எல்லாவற்றுக்கும் பின்னால் பிற்கால லத்தீன் 'எக்ஸ்குராரே' நிற்கிறது. அதில் உள்ள 'குரா' என்றால் அக்கறை, கவனிப்பு. நோயைக் குணப்படுத்தும் 'க்யூர்', கைநகம் பராமரிக்கும் 'மானிக்யூர்', துல்லியம் என்னும் 'அக்யுரேட்', பாதுகாப்பான 'செக்யூர்' எல்லாம் அந்த வயிற்றில் பிறந்தவைதான். அதாவது ஒரு பாத்திரத்தை ஸ்கவர் செய்வது என்றால், அதன் மேல் அக்கறை காட்டி அழுக்கை வெளியே தள்ளுவது. பத்துப் பாத்திரம் தேய்க்கிற யாருக்கும் இந்த 'அக்கறை' என்ற விளக்கம் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் சொல்லின் பூர்வீகம் அதுதான்.

ஓடுகிற ஸ்கவர் வேறு குடும்பம். வேகமாகப் பாய்வது, விரைவது என்ற பொருளில் 1300 வாக்கில் தலைகாட்டுகிறது. இதன் வேரை ஸ்காண்டிநேவியப் பக்கம், திடீர் மழையைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் அதிகம். வெளியே ஓடுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லும் கலந்திருக்கும் என்பார்கள். பாய்ந்தோடுவது, பின்பு ஒரு நிலப்பரப்பு முழுக்க ஓடித் திரிவது, பின்பு எதையோ தேடிக்கொண்டு ஓடித் திரிவது என்று அர்த்தம் படிப்படியாக நகர்ந்தது. உங்கள் செய்தியில் வந்த போலீஸார் இந்த இரண்டாவது ஸ்கவரைச் செய்தவர்கள். காட்டை யாரும் தேய்க்கவில்லை.

அலெக்சாண்டர் போப் 1711-இல் வெளியிட்ட கவிதையில் கமில்லா என்ற வீராங்கனை சமவெளியை 'ஸ்கவர்' செய்கிறாள். பயிரின் கதிர்கூட வளையாமல் அதன்மேல் பறந்து போகிறாள் என்கிறார். அவள் யாரையும் தேடவில்லை, வெறுமனே ஓடுகிறாள். இன்றைய ஆங்கிலத்தில் இந்தத் தூய ஓட்டப் பொருள் ஏறக்குறைய செத்துவிட்டது. தேடல் மட்டும் தங்கிவிட்டது. இந்த ஓட்டத்திலிருந்தே 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் 'ஸ்கவரர்' என்றொரு இனம் முளைத்தது. பாத்திரம் தேய்ப்பவர்கள் அல்ல. குடித்துவிட்டு இரவில் தெருத்தெருவாகத் திரிந்து, காவல்காரனை அடித்து, ஜன்னல்களை உடைத்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள். 1690-களில் லண்டன் மேடையில் அவர்கள் பெயரிலேயே ஒரு நாடகம் ஓடும் அளவுக்குப் புகழ்.

இனி தேய்க்கிற ஸ்கவருக்கு வருவோம். பழைய பயன்பாடுகள் கொட்டிக் கிடப்பது இங்கேதான்.

அடுப்படியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நம் வீடுகளில் சாம்பல், புளி, செங்கல் தூள், தேங்காய் நார் செய்த வேலையை அங்கே மணலும் 'பாத் பிரிக்' என்ற கல்லும் செய்தன. அது சாமர்செட்டில் பிரிட்ஜ்வாட்டர் ஊரின் ஆற்று வண்டலில் செய்த கட்டி. கத்தியால் சுரண்டிப் பொடியாக்கித் தேய்ப்பார்கள். 'ஸ்கவரிங் ரஷ்' என்று ஒரு செடியே உண்டு. அதன் தண்டில் சிலிக்கா நிறைந்திருப்பதால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பாத்திரம் துலக்க அதைப் பிடுங்கி வருவார்கள்.

ஆனால் இந்தச் சொல் உண்மையில் வளர்ந்த இடம் அடுப்படி இல்லை, துணித் தொழில். ஃபிளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியம் பக்கம்) வந்த நெசவுக்காரர்களின் தொழிற்சொல்லாகவே இது இங்கிலாந்தில் நுழைந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளி பிசுபிசுவென்று இருக்கும். கொழுப்பு, காய்ந்த வியர்வை உப்பு, மண், புல் எல்லாம் ஒட்டியிருக்கும். இவற்றை நீக்குவதுதான் கம்பளி ஸ்கவரிங். நீக்கி முடித்தால் மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்துவிடுவது சாதாரணம். கழுவிய நீரிலிருந்து பிரித்தெடுக்கிற கொழுப்புதான் உதட்டுக்குப் பூசும் களிம்புகளில் வரும் லேனலின். சோப்பு விலையாக இருந்த காலத்தில் யார்க்‌ஷயரில் இதற்கு வீடு வீடாகச் சிறுநீர் சேகரித்தார்கள். புளிக்க வைத்த சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா, கம்பளிக் கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். அதற்கு 'லாண்ட்' என்று மரியாதையாக ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

நான் இந்தச் சொல்லை முதலில் கற்றது புத்தகத்தில் அல்ல, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில். தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. 'ஸ்கவரிங்' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்று கேட்கப் போயிருந்தேன். அங்கிருந்த மாஸ்டர் பதில் சொல்லாமல், பின்னல் எந்திரத்திலிருந்து வந்தபடியே இருந்த கிரே துணியை மேசையில் விரித்து, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டார். சொட்டு அப்படியே முத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. சேப்பிலையில் நீர் நிற்பதுபோல் துணியைச் சாய்த்தால் உருண்டது. பருத்தி நூலின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது, பின்னலின்போது ஏறிய எண்ணெயும் இருக்கிறது. பிறகு காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து எடுத்த துண்டை விரித்து அதே மாதிரி ஒரு சொட்டு விட்டார். விட்ட கணமே காணோம். துணி குடித்துவிட்டது. "இதாங்க ஸ்கவரிங். இது ஒழுங்கா ஆகலைன்னா சாயம் திட்டுத் திட்டா ஏறும். தமிழ்ல என்ன வேணா எழுதிக்குங்க, பசங்க ஸ்கவரிங்னுதான் சொல்லுவாங்க" என்றார். அன்று முதல் அந்த இடத்தில் நான் ஸ்கவரிங் என்றே எழுதுகிறேன். 'தேய்த்தல்' என்று எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும், ஏனென்றால் அங்கே யாரும் எதையும் தேய்ப்பதில்லை.

அழுத்தித் தேய்ப்பது என்ற செயலைவிட, ஒட்டிக்கொண்டிருப்பதை ஒன்றுவிடாமல் வெளியேற்றுவது என்ற முடிவுதான் இந்தச் சொல்லுக்கு முக்கியம். அதை மனதில் வைத்தால் பழைய அர்த்தங்கள் எல்லாம் தானாக விளங்கும்.

இடைக்கால இங்கிலாந்தின் ஊர்ப்பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளில் இன்னார் தன் நிலத்தை ஒட்டிய வாய்க்காலை ஸ்கவர் செய்யவில்லை, அபராதம் இவ்வளவு என்ற வகைக் குறிப்புகள் திரும்பத் திரும்ப வரும். இதற்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம், தூர் வாருதல். ஆண்டுதோறும் தத்தம் பங்கு வாய்க்காலைத் தத்தம் செலவில் வார வேண்டும் என்ற ஏற்பாடு நம் குடிமராமத்தை நினைவூட்டும். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் அஃபிங்டன் என்ற இடத்தில் குன்றுச் சரிவில் ஏறக்குறைய 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை உருவம் இருக்கிறது. புல்லை வெட்டி, பள்ளத்தில் சுண்ணாம்புப் பாறையை நிரப்பி வரைந்தது, வயது மூவாயிரம் ஆண்டைத் தொடும். அதைப் புல் மூடிவிடாமல் ஊரார் கூடிக் களை பிடுங்கிப் புதுச் சுண்ணாம்பை இடித்து நிரப்புவதற்கும் ஸ்கவரிங் என்றே பெயர். ஒரு காலத்தில் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி, கூத்து, கொண்டாட்டத்தோடு நடந்தது. 1857-க்குப் பிறகு கொண்டாட்டம் நின்றது, வேலை நிற்கவில்லை. இன்றும் சுத்தியலோடு தொண்டர்கள் போகிறார்கள். இங்கேயும் தேய்ப்பு இல்லை பாருங்கள்.

படைக்காரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் குழாயைத் துடைக்கும் குச்சி 'ஸ்கவரிங் ஸ்டிக்'. கோட்டை அகழியின் நீளவாக்கில் பீரங்கி சுட்டு, அங்கே ஒருவரும் நிற்க முடியாதபடி துடைத்தெடுப்பதும் ஸ்கவர். இந்த இரண்டாவது பயன்பாட்டில் தேய்க்கிறவனா, பாய்கிறவனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. தபால்காரர் குழம்பிய இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து வயிறு. இங்கேதான் நான் அசிங்கப்பட்டேன். கறவை மாடு வளர்ப்போருக்கான ஆங்கிலக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில் ஸ்கவரிங் கன்றுகளை மற்றக் கன்றுகளிடமிருந்து பிரித்து வையுங்கள் என்று ஒரு வரி. நான் 'தேய்த்துக் குளிப்பாட்டப்படும் கன்றுகளைத் தனியாகக் கட்டவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்த்த கால்நடை மருத்துவர் போனில் அழைத்து, "சார், கன்னு கழியுது சார். அதைக் குளிப்பாட்டினா செத்துடும்" என்றார். பண்ணை ஆங்கிலத்தில் ஸ்கவர் என்றால் கழிச்சல். வயிற்றை உள்ளிருந்து வழித்துத் துடைத்து வெளியேற்றுவது என்பதால் அந்தப் பெயர். பிறந்த சில நாள் கன்றுகளுக்குக் கிருமிகளால் வரும் கழிச்சலை பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்கும் இன்றும் 'ஸ்கவர்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். கொல்வது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிப் போவதுதான், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். சாமர்செட்டில் சில மேய்ச்சல் நிலங்களில் மேயும் மாடுகள் காலங்காலமாகக் காரணம் தெரியாமல் கழிந்துகொண்டே இருந்தன. அந்தப் புல்லில் மாலிப்டினம் மிகுதி, அது உடம்பில் செம்பைச் செயலற்றதாக்குகிறது என்பது 1930-களின் கடைசியில்தான் புலப்பட்டது. செம்பு உப்பான மயில்துத்தம் கொஞ்சம் கொடுத்ததும் கழிச்சல் நின்றது.

மனிதருக்கும் இந்தச் சொல் பொருந்தியது. பேதி மருந்து வயிற்றை ஸ்கவர் செய்யும். ஷேக்ஸ்பியரின் மேக்பத், எதிரிப் படை நெருங்கி வரும் வேளையில் கோட்டைக்குள் நின்றுகொண்டு மருத்துவரிடம், எந்தப் பேதி மருந்து இந்த ஆங்கிலேயரை இங்கிருந்து ஸ்கவர் செய்யும் என்று கேட்கிறான். எதிரியைக் கழிச்சலாக்கிவிடுகிற வசவு அது. அவன் அடுக்கும் மருந்துகளில் ஒன்றைப் பதிப்பாசிரியர்கள் சென்னா என்று வாசிக்கிறார்கள், நம் நிலாவாரை. பின்னாளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி 'டின்னவெல்லி சென்னா' என்று ஆங்கில மருந்துக்கடைகளில் பேர் வாங்கியதே, அந்த வகை இலை. இதில் வேடிக்கை, அதே காட்சியில் சில வரிகளுக்கு முன்னால் நாடு முழுக்கக் குதிரைகளை விரட்டித் தேடச் சொல்லும்போது அவன் 'ஸ்கர்' என்கிறான். அது ஓடுகிற ஸ்கவரின் இன்னொரு வடிவம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அப்படியானால் இரண்டு முருகேசன்களும் ஒரே மேடையில்.

தேய்த்து வழித்த பிறகு மிஞ்சும் கசட்டுக்கு 'ஆஃப்ஸ்கவரிங்'. 1611-இன் ஆங்கில பைபிளில் பவுல் தன்னையும் தன் கூட்டாளிகளையும் அப்படிச் சொல்லிக்கொள்கிறார். நம் பழைய தமிழ் பைபிளில் அது 'துடைத்துப்போடுகிற அழுக்கு' என்று வரும். எனக்குக் கிடைத்த தமிழாக்கங்களிலேயே ஸ்கவரின் சாரத்தை இவ்வளவு இயல்பாகப் பிடித்தது வேறில்லை.

இன்று இந்தச் சொல் அதிகம் புழங்குவது பாலப் பொறியாளர்களிடம். ஆற்று நீர் தூணில் மோதியதும் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, தூணின் அடியில் உள்ள மணலைத் தோண்டி எடுத்துப் போகும். கடற்கரையில் அலை திரும்பும்போது காலடி மண் நழுவுமே, அதேதான். இதுவும் ஸ்கவர், நாம் அரிப்பு என்போம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடையின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று, மழையும் பனியுருகலும் சேர்ந்த வெள்ளத்தில் விழுந்தது. தூணின் அடித்தளம் ஆழமாக இல்லை, அதைக் காக்கப் போட்டிருந்த கற்களையும் பழைய வெள்ளங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயிருந்தன. பத்துப் பேர் இறந்தார்கள். இந்த அரிப்பின் கொடுமை என்னவென்றால், வெள்ளத்தின் உச்சத்தில் பள்ளம் ஆழமாக விழும், வெள்ளம் வடியும்போது தளர்ந்த மணல் வந்து அதையே மூடிவிடும். மறுநாள் போய்ப் பார்க்கிறவருக்கு ஆற்றுப்படுகை சமமாகத்தான் தெரியும்.

பாலத்தை விழுத்தும் இதே வேலையைத் தனக்கு ஊழியம் செய்ய வைத்தவன் கல்லணையைக் கட்டியவன். காவிரி மணலில் பாறையைப் போட்டால் சுற்றி ஓடும் நீர் அடிமணலைப் பறிக்கும், பாறை இறங்கும். அதன்மேல் இன்னொன்று, அதுவும் இறங்கும். மேற்கொண்டு இறங்காத நிலை வரும்வரை போட்டுக்கொண்டே போனால் அடித்தளம் தயார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இங்கத்தியவர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதி வைத்திருக்கிறார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1847-இல் அவர் தொடங்கியதற்குப் பின்னால் இந்தப் பாடம் இருந்தது. அணைக்கட்டில் சேரும் மணலைத் தண்ணீரைக் கொண்டே வெளியேற்றும் மதகுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கவரிங் ஸ்லூஸ்'. நம் பொதுப்பணித் துறைத் தமிழில் மணற்போக்கி. கல்லணைக்கு மணற்போக்கி வைத்தவரும் காட்டன்தான்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன சொல்வது? யாரை, எதை ஸ்கவர் செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பானை, துணி, வாய்க்கால், வயிறு, ஆற்றுப்படுகை என்றால் ஒட்டியிருப்பதை வெளியேற்றுவது. காடு, ஊர், கடைத்தெரு, பழைய ஆவணங்கள் என்றால் ஓடியோ புரட்டியோ தேடுவது. நம் செய்தித்தாள்கள் அந்த இரண்டாவதற்கு 'சல்லடை போட்டுத் தேடினர்' என்று எழுதுகின்றன. தவறில்லை, கொஞ்சம் தேய்ந்துபோன தொடர், அவ்வளவுதான்.

நான் என்றால் 'அலசினர்' என்று போடுவேன். ஆங்கிலத்துக்கு இரண்டு சொற்கள் தற்செயலாக ஒன்றாகி வந்து சேர்ந்த இடத்துக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லே நடந்து போயிருக்கிறது. துணியையும் அலசுகிறோம், "வீடு பூரா அலசிட்டேன், சாவியைக் காணோம்" என்றும் சொல்கிறோம். பல்லைத் துலக்குகிற அதே வாயால் போலீஸ் துப்புத் துலக்கியது என்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் பாத்திரம் தேய்ப்பதற்கு 'விளக்குவது' என்பார்கள். சின்ன வயதில், பாத்திரத்தை விளக்கி வை என்று அம்மா சொன்னால், "அதுக்கு என்னம்மா புரியலை?" என்று கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.